கேட்கப்படாத குரல்கள்: ‘ரெபெல் வித்அவுட் எ காஸ்’ திரைப்படத்தில் தனிமையும் புரிதலும்

பிள்ளைகளைக் குறித்துப் பெற்றோர் எழுப்பும் கேள்விகளுள் மிகப் பழையதொன்று, ‘இவனுக்கு என்ன குறை?’ என்பதாகும். உணவு, உடை, உறைவிடம் யாவும் தந்தாயிற்று; கல்விக்குச் செலவிட்டாயிற்று; கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று; இதற்கு மேலும் இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவானேன் என்பதே அதன் உட்பொருள். வடிவத்தில் அது கேள்வி. உண்மையில் அது தீர்ப்பு. விடையை எதிர்பார்த்து அக்கேள்வியைக் கேட்போர் அரியர். விடை சொல்ல முற்படும் பிள்ளையும் இரண்டு சொற்களுக்குள் இடைமறிக்கப்படுகிறான்.

இதனை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு விடை தேடிப் புறப்பட்ட கலைப்படைப்புகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, அமெரிக்க இயக்குநர் நிக்கலஸ் ரே உருவாக்கி 1955 அக்டோபரில் வெளிவந்த ‘ரெபெல் வித்அவுட் எ காஸ்’ என்னும் திரைப்படம். ‘காரணமற்ற கலகக்காரன்’ எனத் தமிழில் அதனைப் பெயர்க்கலாம். பதின்பருவத்தினரை மையமாகக் கொண்டு பின்னர் வந்த எண்ணற்ற படங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. அதன் நாயகன் ஜேம்ஸ் டீன், படம் திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்னர், செப்டம்பர் 30ஆம் நாள், கார் விபத்தில் தமது 24ஆம் வயதில் இறந்தார். அம்மரணமும் அவர் படத்தில் அணிந்திருந்த சிவப்பு மேற்சட்டையும் சேர்ந்து ஒரு புராணத்தை வளர்த்துவிட்டன. சுவரொட்டிகளில் நிலைபெற்ற அந்த உருவம் படத்தையே மறைத்துவிட்டது என்பது நமது எண்ணம். கலகத்தைப் போற்றும் படமாகவே அது நினைவுகூரப்படுகிறது. நாம் பார்க்குமளவில் அது கலகத்தைப் பற்றியதன்று, கேட்கப்படாமையைப் பற்றியது.

தலைப்பும் காலமும்

படத்தின் தலைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. ராபர்ட் லிண்ட்னர் என்னும் உளவியலாளர், சிறையிலிருந்த ஓர் இளைஞனுக்கு ஹிப்னாடிச முறையில் தாம் அளித்த சிகிச்சையை விவரித்து 1944இல் இதே தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் திரைப்பட உரிமை வார்னர் நிறுவனத்திடம் இருந்தது. ரே அதிலிருந்து எடுத்துக்கொண்டது தலைப்பை மட்டுமே. கதை அவருடையது, திரைக்கதை ஸ்டூவர்ட் ஸ்டெர்னுடையது. சிறைப்பட்ட நோயாளி ஒருவனின் வரலாற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர், வசதியான வீடுகளில் வளரும் பள்ளிப் பிள்ளைகளின் கதைக்கு வந்து சேர்ந்தது. இந்த இடமாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்கலாம்; ஆயினும் அதிலேயே படத்தின் வாதம் தொடங்கிவிடுகிறது.

‘காஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் காரணம் என்றும் பொருளுண்டு. ஒருவர் தம்மை ஒப்புக்கொடுக்கும் இலட்சியம் என்றும் பொருளுண்டு. இப்படத்தின் பிள்ளைகளுக்கு இலட்சியம் இல்லை என்பது மெய். அவர்கள் எந்த அநீதியையும் எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. ஆனால் காரணம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வது மெய்யன்று. காரணம் இருக்கிறது, அது அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனாற்றான் வீட்டிலுள்ளோர் கண்களுக்கு அது புலப்படுவதில்லை. ஆகவே படம் தன் தலைப்பை வழிமொழிவதற்காக அன்றி, மறுப்பதற்காகவே சூடிக்கொண்டிருக்கிறது எனலாம்.

அக்காலத்து அமெரிக்காவில் இளஞ்சிறார் குற்றம் பெரும் கவலையாக உருவெடுத்திருந்தது. செனட் அவையின் துணைக்குழு ஒன்று 1953 முதல் அதனை விசாரித்து வந்தது. சித்திரக்கதைப் புத்தகங்களும் திரைப்படங்களுங்கூட அக்குழுவின் விசாரணைக்கு உள்ளாயின. 1955இலேயே வெளிவந்த ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்னும் படம், நகரத்தின் வறிய மாணவர்கள் பயிலும் பள்ளியில் நிகழும் வன்முறையைக் காட்டியது. வறுமையே குற்றத்தின் தாய் என்று நம்புவது வசதி படைத்தோர்க்கு ஆறுதலளிக்கும் நம்பிக்கை. ரே அந்த ஆறுதலைப் பறித்தார். அவருடைய பிள்ளைகள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் செல்வக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தமக்கெனக் கார் வைத்திருப்பவர்கள். பொருளாதாரக் காரணங்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கிய பின்னும் எஞ்சி நிற்கும் துயரம் எது என்பதே அவருடைய வினா.

கண்ணாடித் தடுப்புகள்

படம் ஏறத்தாழ ஒரு நாள் பொழுதுக்குள் நிகழ்ந்து முடிகிறது. நள்ளிரவுக்குப் பின்னான காவல் நிலையத்தில் மூன்று பிள்ளைகள் தனித்தனியே கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்த ஜிம் ஸ்டார்க் ஒருவன். இரவில் தனியே அலைந்துகொண்டிருந்த ஜூடி என்னும் பெண் மற்றொருத்தி. நாய்க்குட்டிகளைத் துப்பாக்கியால் சுட்ட, பிளாட்டோ என்று நண்பர்களால் அழைக்கப்படும் சிறுவன் மூன்றாமவன். ஜூடியாக நடித்த நட்டாலி வுட்டும் பிளாட்டோவாக நடித்த சால் மினியோவும் படப்பிடிப்பின்போது உண்மையிலேயே 16 வயதினர்.

ரே தம் இளமையில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் பயிற்சிக் கூடத்தில் சிறிது காலம் இருந்தவர். வெளியை எப்படிப் பிரிப்பது, எப்படி இணைப்பது என்னும் அறிவு அவருடைய அகலத்திரைக் காட்சிகளில் தெளிவாக வெளிப்படுகிறது. காவல் நிலையத்தின் அறைகள் கண்ணாடித் தடுப்புகளால் பிரிக்கப்பட்டவை. ஒருவனை விசாரிக்கும்போது தடுப்புக்கு அப்பால் மற்றவர் தெரிகிறார். மூவரும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கிறார்கள். ஒருவர் துயரம் மற்றவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆயினும் ஒருவரையொருவர் அறியார். தனிமையென்பது ஆளற்ற வெளியில் நேர்வது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது ஆட்கள் நிறைந்த இடத்தில், ஒரு கண்ணாடியின் கனத்தில் நேர்வது என்பதை இப்படம் தன் முதற்காட்சியிலேயே சொல்லிவிடுகிறது.

அங்கு ஜூடி சொல்லும் குறை எளியது. உதட்டுச் சாயம் பூசிக்கொண்டதற்காகத் தந்தை அவளைக் கீழ்த்தரமான பெண்ணென ஏசி, முகத்தை அழுத்தித் தேய்த்துவிட்டார். அழைத்துப்போகத் தந்தை வருவாரென எதிர்பார்த்திருக்கிறாள். தாய் வருகிறாரென அறிந்ததும் அவள் முகம் வாடுகிறது. பிளாட்டோவுக்கு அன்று பிறந்தநாள். தந்தை பிரிந்து போய்விட்டார். தாய் ஊரில் இல்லை. உடன் வந்திருப்பவர் வீட்டுப் பணிப்பெண். குளிரில் நடுங்கும் அவனுக்கு ஜிம் தன் மேலங்கியைக் கழற்றி நீட்டுகிறான். பிளாட்டோ வாங்க மறுக்கிறான். கொடுக்கத் தெரிந்தவனுக்கும் பெறத் தெரியாதவனுக்கும் இடையே அந்த அங்கி ஒரு கணம் நின்று திரும்புகிறது. இச்சிறு நிகழ்ச்சியை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். படத்தின் இறுதியில் அது மீண்டும் வருகிறது.

ஜிம்மின் பெற்றோர் விருந்துடையில், பாட்டி புடைசூழ வருகிறார்கள். வந்தவுடன் பேசத் தொடங்குகிறார்கள். தாய் ஒன்று சொல்கிறார். தந்தை வேறொன்று சொல்கிறார். பாட்டி இருவரையும் திருத்துகிறார். மூவரும் பேசுவது ஜிம்மைப் பற்றி. எவரும் பேசாதது ஜிம்மோடு. தன்னைக் கிழித்தெறிகிறார்கள் என்று அவன் அலறும் இடம் புகழ்பெற்றது. அந்த அலறலின் காரணம் வெறுப்பன்று என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் அவனை நேசிக்கிறார்கள். அவனுக்காகவே ஊர்விட்டு ஊர் மாறியிருக்கிறார்கள். நேசம் இருக்கிறது, செவி இல்லை.

கேட்டல் என்பது யாது?

அந்த இரவில் ஒருவர் மட்டும் கேட்கிறார். இளஞ்சிறார் பிரிவின் அலுவலர் ரே ஃபிரமிக். ஜிம் அவரைத் தாக்க முற்படும்போது அவர் தடுத்து நிறுத்தி, ஆத்திரம் தீர மேசையைக் குத்தச் சொல்கிறார். அவன் கை நோகும்வரை குத்துகிறான். அதன் பின்னரே பேச்சு வருகிறது. குழப்பமும் வெட்கமும் அற்ற ஒரே ஒரு நாள் தனக்கு வாய்த்தால், தான் ஓரிடத்துக்கு உரியவன் என்ற உணர்வு ஒரு நாள் கிடைத்தால் போதும் என்ற பொருள்பட அவன் கூறுகிறான். பணத்தால் கொடுக்க முடியாத, பணம் கொடுத்தவர்களுக்குத் தோன்றாத குறை அது.

ஃபிரமிக் அறிவுரை எதனையும் வழங்கவில்லை. எந்நேரமானாலும் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லியனுப்புகிறார். மறுநாள் ஜிம் தன் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: மானத்துக்காக ஒரு செயலைச் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அது ஆபத்தானதாயினும் என்ன செய்வது? தந்தை ஃபிராங்க், நன்மை தீமைகளைப் பட்டியலிட்டு ஆராயலாம் என்கிறார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இதெல்லாம் சிறியதாகத் தோன்றும் என்கிறார். அவர் சொல்வதில் பிழையில்லை. அறிவுரை சரியானது, ஆனால் அது கேட்கப்பட்ட கேள்விக்கு விடையன்று. மகன் வேண்டியது இன்றிரவுக்கான சொல். தந்தை தந்தது பத்தாண்டுக்குப் பிந்திய சொல். சரியான அறிவுரையே கேளாமையின் மிக நாகரிகமான வடிவமாகிவிடுவதை இக்காட்சி காட்டுகிறது. பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கும் நம்மில் பலர் இங்குத் தலைகுனிய நேரும்.

ஜூடியின் வீட்டில் கேளாமை வேறு உருக்கொள்கிறது. உணவு மேசையில் தந்தையின் கன்னத்தில் முத்தமிட முனைகிறாள். இனி அதற்குரிய வயதில்லை என்று அவர் விலகுகிறார். மீண்டும் முனையும்போது அறைகிறார். மகள் வளர்ந்துவிட்டாள் என்பதை எப்படி எதிர்கொள்வதென்று அறியாத மனிதரின் அச்சம் அது. ஆனால் அவள் கன்னம் அறிந்தது அறையை மட்டுமே. பிளாட்டோவின் வீட்டில் கேளாமை ஒரு காகிதமாக வந்து சேர்கிறது. தந்தையிடமிருந்து கடிதம் வந்ததாக எண்ணி அவன் பிரிக்கும் உறையில் இருப்பது, மகனின் பராமரிப்புக்கு என்று குறிக்கப்பட்ட காசோலை. ‘இவனுக்கு என்ன குறை?’ என்னும் கேள்வி காசோலையாக அச்சிடப்பட்டால் அப்படித்தான் இருக்கும்.

விண்ணும் பள்ளமும்

பள்ளியின் முதல் நாளில் மாணவர்கள் கிரிஃபித் வானாய்வகத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். இருண்ட குவிமாடத்தின் கீழ், உரையாளர் ஒருவர் விண்மீன்களைக் காட்டி, உலகம் நெருப்பும் வாயுவுமாக வெடித்து அழியப்போவதைச் சலனமற்ற குரலில் விவரிக்கிறார். பேரண்டத்தின் கணக்கில் தனித்து வாழும் மனிதனின் துன்பங்கள் பொருட்படுத்தத்தக்கவை அல்ல என்று முடிக்கிறார். பிளாட்டோ அஞ்சி இருக்கைக்குக் கீழே பதுங்குகிறான். பின்னர், தனித்த மனிதனைப் பற்றி அந்த உரையாளருக்கு என்ன தெரியும் என்று அவன் கேட்பது இப்படத்தின் ஆழமான வினாக்களுள் ஒன்று.

இக்காட்சி அறிவியலைப் பழிப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. உரையாளர் சொல்வது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்பவருக்கு எதிரே பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்ற நினைவு அவர் குரலில் இல்லை. தந்தையின் பத்தாண்டுக் கணக்கும் உரையாளரின் பேரண்டக் கணக்கும் ஒன்றே. இரண்டும் பிள்ளையின் துயரத்தை அளவுகோலை மாற்றியே இல்லாமலாக்குகின்றன. எதனோடு ஒப்பிட்டாலும் சிறியதாகிவிடும் துயரம், அதனை உடையவனுக்குச் சிறியதாவதில்லை.

அன்றிரவு நிகழும் மலைமுகட்டுப் பந்தயம் இதற்கு மறுமொழிபோல் அமைந்திருக்கிறது. ஜிம்மைக் ‘கோழி’ என்று, அதாவது கோழையென்று, ஏளனம் செய்த பஸ் என்னும் மாணவன் அவனை அறைகூவி அழைக்கிறான். திருடப்பட்ட இரு கார்களைப் பள்ளத்தை நோக்கி ஓட்ட வேண்டும். முதலில் குதிப்பவன் கோழை. பந்தயத்துக்கு முன் இருவரும் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறார்கள். பஸ், தனக்கு ஜிம்மைப் பிடித்திருக்கிறது என்கிறான். பின் எதற்காக இதைச் செய்கிறோம் என்று ஜிம் கேட்கிறான். ஏதாவது செய்தாக வேண்டுமல்லவா என்பதே மறுமொழி. நட்பு அரும்பிவிட்டது, ஆனால் அதனை வெளிக்காட்ட அவர்கள் அறிந்த மொழி போட்டி ஒன்றே. கதவின் கைப்பிடியில் சட்டைக்கை சிக்கிக்கொள்ள, பஸ் காரோடு பள்ளத்தில் வீழ்ந்து இறக்கிறான்.

இரண்டு வெற்றிடங்கள்

நாம் முதன்மையாகக் கருதும் பகுதி இதன் பின்னரே வருகிறது. வீடு திரும்பும் ஜிம் பாற்புட்டியின் குளிர்ச்சியைக் கன்னத்தில் அழுத்திக்கொள்கிறான்; தந்தை தொலைக்காட்சிக்கு முன் உறங்கிக்கிடக்கிறார். நிகழ்ந்ததைக் காவலரிடம் சொல்ல வேண்டும் என்று மகன் வற்புறுத்துகிறான், பெற்றோர் தடுக்கிறார்கள். வேறு சிறுவர்களும் இருந்தார்களே, நீ மட்டும் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். மாடிப்படியில் நிகழும் இந்த வாக்குவாதத்தில் ஒளிப்பதிவுக் கருவி சாய்ந்து நிற்கிறது; நிலைகுலைந்திருப்பது வீடு. எழுந்து நின்று தனக்காகப் பேசும்படி மகன் தந்தையை மன்றாடுகிறான். அவர் அமர்ந்தே இருக்கிறார். இங்குப் பிள்ளை நேர்மையின் பக்கமும் பெற்றோர் மறைப்பின் பக்கமும் நிற்கிறார்கள். கலகக்காரன் என்று பெயர் பெற்றவன் வேண்டுவது பொறுப்பேற்கும் உரிமையை.

ஜிம் காவல் நிலையத்துக்கு ஓடுகிறான். எந்நேரமும் வரலாம் என்றாரே, அந்த ஃபிரமிக் அங்கு இல்லை. பணி நிமித்தம் வெளியே சென்றிருக்கிறார். இருக்கும் அலுவலருக்கு அவனைக் கவனிக்க நேரமில்லை. இதுவே முதல் வெற்றிடம். ஃபிரமிக் பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. அவர் நல்லவர். ஆயினும் தேவைப்பட்ட நாழிகையில் அவர் அங்கில்லை.

இரண்டாம் வெற்றிடம் இதனினும் கொடியது. ஜிம்மும் ஜூடியும் பிளாட்டோவும் ஆளற்ற பழைய மாளிகையொன்றில் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கு மூவரும் ஒரு குடும்பம்போல் விளையாடுகிறார்கள். வீடு பார்க்க வந்த புதுமணத் தம்பதியராக இருவரும், வீட்டுத் தரகனாகப் பிளாட்டோவும் நடிக்கிறார்கள். பிள்ளைகள் தொல்லை என்று பெரியவர்களின் குரலில் பேசிச் சிரிக்கிறார்கள். தங்கள் காயத்தையே வேடிக்கையாக்கிச் சிரிக்கும் அந்தச் சிரிப்பினடியில் அழுகை இருப்பதை உணரலாம். தன் தந்தை சீனக் கடலில் போரிட்ட வீரரென்கிறான் பிளாட்டோ; நியூயார்க்கில் பெரிய மனிதரென்று முன்பு சொன்னாயே என்று கேட்கப்படும்போது, இறந்ததாகவே வைத்துக்கொள்ளலாம், என்ன வேறுபாடு என்கிறான். ஜிம் அப்பொய்யைத் தண்டிக்கவில்லை. ஜூடியின் மெல்லிய முணுமுணுப்பில் பிளாட்டோ உறங்கிப்போகிறான். அவன் கால்களில் நிறம் மாறிய இரு காலுறைகள். காலையில் எவ்வளவு பதற்றத்தோடு, எவர் கண்ணும் படாமல் அவன் புறப்பட்டிருக்கிறான் என்பதை அவை சொல்கின்றன.

அவன் உறங்கியதும் ஜிம்மும் ஜூடியும் மாளிகையைச் சுற்றிப்பார்க்கப் போகிறார்கள். சிறிது நேரந்தான். அதற்குள் பஸ்ஸின் கூட்டாளிகள் வந்துவிடுகிறார்கள். பிளாட்டோ கண் விழிக்கும்போது எதிரே பகைவர் நிற்கிறார்கள். அருகே நண்பர் இல்லை. தாயின் துப்பாக்கியால் அவர்களில் ஒருவனைச் சுடுகிறான்; தேடி வந்த ஜிம்மையும் நோக்கிச் சுடுகிறான்; நீ என் தந்தையல்லன் என்று கத்திக்கொண்டு வானாய்வகத்தை நோக்கி ஓடுகிறான்.

இப்படத்தின் சாரம் இங்கேயே இருக்கிறதென நாம் கருதுகிறோம். பிளாட்டோவைக் கைவிட்டவர்கள் தீயவர்கள் அல்லர், அவனைப் புரிந்துகொண்டவர்கள். புரிந்துகொள்ளுதல் ஒரு முறை நிகழ்ந்து முடிந்துவிடும் செயலன்று. பலமுறை கைவிடப்பட்ட ஒருவன், மீண்டும் ஒரு முறை கைவிடப்படுவதற்காகவே காத்திருக்கிறான். அவனுக்குச் சிறு விலகலும் பழைய பெரும் விலகலின் தொடர்ச்சியாகவே தோன்றும். ஆகவே புரிதலின் உண்மையான அளவு, எவ்வளவு ஆழமாகக் கேட்டோம் என்பதில் மட்டும் இல்லை. கேட்ட பின் எவ்வளவு நேரம் உடனிருந்தோம் என்பதிலும் இருக்கிறது.

ஜிம் இதனை உணர்ந்து இருண்ட வானாய்வகத்துக்குள் தனியே செல்கிறான். பகலில் உலகத்தின் அழிவு விவரிக்கப்பட்ட அதே குவிமாடத்தின் கீழ் இப்போது ஒருவன் மற்றொருவனின் பெயரை மெல்ல அழைக்கிறான். தன் சிவப்பு மேற்சட்டையைக் கொடுக்கிறான். காவல் நிலையத்தில் மறுக்கப்பட்ட கொடை இங்கே ஏற்கப்படுகிறது. துப்பாக்கியை வாங்கி, தோட்டாக்களை அகற்றிவிட்டுத் திருப்பித் தருகிறான். ஆனால் வெளியே வந்ததும் காவலரின் கூட்டத்தையும் விளக்கொளியையும் கண்டு மிரண்டு பிளாட்டோ ஓடுகிறான், சுடப்படுகிறான். தோட்டாக்கள் தன்னிடம் இருக்கின்றன என்று கையை விரித்துக் காட்டி ஜிம் கதறுவது அதன் பின்னரே கேட்கிறது. படத்தின் கடைசிக் கேட்கப்படாத குரல் அதுதான்.

படத்தின் செவிடுகள்

ஒரு படைப்பை மதிப்பதென்பது அதன் குறைகளை மறைப்பதன்று. கேளாமையைக் கண்டித்த இப்படத்துக்கும் கேளாத செவிகள் உண்டு.

முதலாவது, தந்தை ஃபிராங்கின் சித்திரிப்பு. மேலுறைத் துணியைக் கட்டிக்கொண்டு, மனைவிக்காக ஏந்திவந்த உணவுத்தட்டு கவிழ, மண்டியிட்டுப் பொறுக்கும் காட்சியில் அவர் நகைப்புக்குரியவராக்கப்படுகிறார். நோயுற்ற மனைவிக்கு உணவு எடுத்துச் செல்வதில் இழிவு யாது? அவருடைய குறை மேலுறைத் துணியில் இல்லை. மகனின் கேள்விக்கு முன் அவர் பின்வாங்குவதில் இருக்கிறது. வீட்டில் ஆண் ஆளாதிருப்பதே நோயின் வேர் என்று படம் சாய்வது, அக்காலத்தின் முற்சாய்வை ஆராயாமல் ஏற்றுக்கொண்டதன் விளைவு. தாய் தம் அச்சத்தை விளக்க அவருக்கு ஒரு காட்சியும் தரப்படவில்லை.

இரண்டாவது, ஜூடி. அவளுடைய காயம் தந்தை ஏற்படுத்தியது. இறுதிக் காட்சியில் ஜிம்மின் பெற்றோர் இருக்கிறார்கள். அவளுடைய பெற்றோர் இல்லை. தந்தையிடம் அவள் கேட்டது, ஒரே இரவில் அறிமுகமான இளைஞனின் நேசத்தால் தீர்ந்துவிட்டதாகப் படம் கொள்கிறது. அவ்வளவு எளிதாக அது தீருமா என்ற ஐயம் நமக்கு நீங்கவில்லை.

மூன்றாவது, பிளாட்டோவை வளர்க்கும் கறுப்பினப் பெண்மணி. மாரியட்டா கேன்ட்டி ஏற்ற அப்பாத்திரம் பட்டியலில் அவ்வீட்டுப் பணிப்பெண் மட்டுமே. காவல் நிலையத்துக்கு அவனோடு வந்தவர் அவர். இறுதியில் அவன் உடலருகே நின்று, இந்தப் பிள்ளைக்கு எவருமே இல்லை என்று அழுபவரும் அவரே. அவனுக்கு எவருமில்லை என்று சொல்லும் அவரே அவனுக்கிருந்த ஒருவர் என்பதைப் படம் எண்ணிப்பார்க்கவில்லை. அவரும் தம்மை ஒருவராக எண்ணும் நிலையில் வைக்கப்படவில்லை. பேருந்தில் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸின் கைதும் அதனைத் தொடர்ந்த மான்ட்காமரி பேருந்துப் புறக்கணிப்பும் அதே 1955ஆம் ஆண்டின் டிசம்பரில் நிகழ்ந்தன. காரணமும் இலட்சியமும் உடைய ஒரு கலகம் அந்நாட்டில் தொடங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்த மக்களில் ஒருவர் இப்படத்தின் ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

நான்காவது, முடிவு. தந்தை தம் மேலங்கியை மகனின் தோள்மீது போர்த்தி, இனி உன்னோடு நிற்பேன் என்கிறார். மனம் நெகிழ்கிறது. ஆனால் ஒரு குடும்பம் கூடுவதற்கு, குடும்பமற்ற ஒருவன் சாக வேண்டியிருந்தது. நான்காண்டு கழித்து, ரேயின் படங்களை வியந்தெழுதிய பிரெஞ்சு விமர்சகர் ஃபிரான்சுவா திரூஃபோ தாமே இயக்குநராகி எடுத்த ‘த ஃபோர் ஹன்ட்ரட் ப்ளோஸ்’ என்னும் படம் (1959) இந்த ஆறுதலை மறுத்துவிட்டது. அதில் அந்துவான் என்னும் சிறுவன் மனம் திறந்து நெடுநேரம் பேசுவது சீர்திருத்த நிலையத்தின் உளவியலாளரிடம் மட்டுமே. அவருடைய குரலை நாம் கேட்கிறோம், முகத்தைக் காண்பதில்லை. கேட்கிறார்கள், ஆனால் கோப்புக்காகக் கேட்கிறார்கள். அச்சிறுவன் தப்பியோடிக் கடலோரத்தில் நிற்க, படம் உறைந்து முடிகிறது. தோள்மீது போர்த்த அங்கே எவரும் வரவில்லை. ரேயின் முடிவினும் திரூஃபோவின் முடிவே நேர்மையானது என்போம். ஆயினும் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைக் காட்டியவர் ரே.

போர்த்துதல்

படத்தின் முதற்காட்சிக்குத் திரும்புவோம். குடிபோதையில் தெருவில் கிடக்கும் ஜிம், அங்கு எவரோ விட்டுச்சென்ற பொம்மைக் குரங்கொன்றைக் கண்டெடுத்து, அதனைப் படுக்க வைத்து, ஒரு காகிதத்தால் போர்த்திவிட்டு, தானும் அருகே சுருண்டுகொள்கிறான். பார்வையாளர் சிரிக்கவும் கூடும். இறுதியில், இறந்த பிளாட்டோவின் உடல்மீதிருக்கும் சிவப்பு மேற்சட்டையின் பற்பூட்டை இழுத்து மூடிவிட்டு, அவனுக்கு எப்போதும் குளிரும் என்கிறான் அதே ஜிம். பொம்மையில் தொடங்கிச் சடலத்தில் முடியும் இந்தப் போர்த்துதல்களுக்கு இடையேதான் முழுக்கதையும் நிகழ்கிறது.

போர்த்துவதற்குப் பேரறிவு வேண்டியதில்லை. உளவியல் கற்க வேண்டியதில்லை. அருகில் இருப்பவன் நடுங்குகிறான் என்பதைக் காணும் கண்ணும், அந்நேரத்தில் அங்கே இருத்தலும் போதும். ஜிம்முக்கு இருந்த அறிவு அவ்வளவே. தான் நடுங்கியிருந்தமையால் பிறன் நடுங்குவதை அவன் கண்டான்.

‘இவனுக்கு என்ன குறை?’ என்று நாம் இனியும் கேட்போம், கேட்காதிருக்க முடியாது. நம் வீடுகளில் கண்ணாடித் தடுப்புகள் அன்றிருந்ததைவிட இன்று பெருகியுள்ளன. அவற்றில் பல உள்ளங்கையில் அடங்கிவிடுகின்றன. ஆகவே அக்கேள்வியைக் கேட்ட பின் வாய்மூடியிருக்கக் கற்றுக்கொள்வதே நம்மால் இயன்ற முதற்செயல். விடை வர நேரமாகலாம். முதலில் மேசைமீது விழும் குத்தாகவே வரலாம். அதுவரையும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்க நம்மால் முடியுமா என்பதே இப்படம் நம்முன் வைக்கும் வினா.